தெரியாதுங்களே

மன்னாரு சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம் கேட்டதும் தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டான். முழுசாக மூடவில்லை, அது பேருக்குத்தான். எதிரே ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடிக்குள் அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கிற பெஞ்சு, பெஞ்சின் கோடியில் எத்திராஜ். இப்படி ஒரு காட்சியை எதிரே வைத்துக்கொண்டு எவனாவது கண்ணை மூடுவானா? எத்திராஜ் பேப்பரை எட்டாக மடித்துக் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கி சினிமா விளம்பரம் படித்துக்கொண்டிருந்தான். அப்படித்தான் படிப்பான், விரித்துப் படித்தால் பக்கத்தில் இருப்பவன் ஓசியில் படித்துவிடுவானாம். இருவரும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஒன்பது மணிக்கு இவன், ஒன்பதே காலுக்கு அவன். உள்ளே வந்தவன், சேரில் இருப்பது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருவல்லிக்கேணியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரத்துக்கு வந்த இரண்டு அந்நியர்கள், அவ்வளவுதான். எட்டு வருஷப் பயிற்சி, சும்மாவா! பத்து மணிக்கு இதே இரண்டு பேரும் வீட்டுக்காரர் கன்னியப்ப முதலியார் முன்னால் போய் நின்று, நாங்கள் தெரிந்தவர்கள்தான், சொந்தக்காரர்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் இந்தச் சவரம். நிரூபிக்காவிட்டால் மாடிப் போர்ஷன் போச்சு. போர்ஷன் போனால் கூட என்னென்ன போகும் என்று நினைக்கக் கூடாது என்று தணிகாசலம் முடிவு செய்தான், முடிவு செய்த கையோடு நினைக்க ஆரம்பித்தான்.

ஒரு கூடம், ஒரு சமையல் கட்டு, மொட்டை மாடிக்குப் போக நாலு படி. கிழக்குப் பார்த்த ஜன்னல், கடல் தெரியாது, ஆனால் காற்று வரும். எல்லாவற்றையும் விட, கதவுக்கு உள்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போனபோது தணிகாசலம் அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான், திறந்தான், மறுபடி போட்டான். "பர்மா தேக்கு தம்பி, இடி விழுந்தாலும் அசையாது" என்றார் கன்னியப்ப முதலியார் பெருமையாக. பாவம், அவருக்கு என்ன தெரியும்! பெரம்பூரில் அண்ணன் வீட்டு நடையில் பன்னிரண்டு வருஷமாகப் பாய் போட்டுப் படுக்கிறவன் இவன். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள், கொல்லைக்குப் போகிறவர்கள், எல்லோரும் தாண்டிப் போகிற நடை. எத்திராஜோ மேன்ஷனில் மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறான், அதில் ஒருத்தர் விடியற்காலை நாலு மணிக்கு மணியடித்துப் பூஜை பண்ணுவார். எட்டு வருஷம். கடற்கரையில் மணலை வாரி வாரி விட்டுக்கொண்டு எத்தனையோ சாயந்திரம் உட்கார்ந்தாயிற்று, இருட்டுக் கொட்டகையில் முழங்கை முழங்கையைத் தொட எத்தனையோ படம் பார்த்தாயிற்று, ஆனால் காலையில் தூங்கி எழுந்த எத்திராஜ் எப்படி இருப்பான் என்பது தணிகாசலத்துக்குத் தெரியாது. காப்பி குடிப்பதற்கு முன்னால் பேசுவானா, சிடுசிடுப்பானா? பல் தேய்க்கும்போது பாடுகிற ஜாதியா? ஒரு தடவை திருத்தணிக்குப் போன சாக்கில் ஒரே சத்திரத்தில் படுத்தார்கள், நடுவில் நாற்பது பேர். இவன் கண்ணைத் திறப்பதற்குள் அவன் குளித்து விபூதி பூசித் தயாராகிவிட்டான். முப்பத்துநாலு வயசு ஆண்பிள்ளைக்கு உலகத்தில் எத்தனையோ ஆசை இருக்கும். நேசிக்கிற மனுஷன் தலைமயிர் கலைந்து கண்ணில் பீளையோடு எழுந்து வருவதைப் பார்க்க வேண்டும், இவன் ஆசை அது. இதற்குப் போய் வெட்கப்படுவானேன்? தணிகாசலம் வெட்கப்படவில்லை. "இன்னா சார், கல்யாணமா?" என்றான் மன்னாரு, நுரையைக் குழைத்து வலது கன்னத்தில் அப்பிக்கொண்டே. "கார்த்தாலயே வந்து குந்திகினியே." வீடு பார்க்கப் போகிறேன் என்றான் இவன். "வூடா! அப்ப கல்யாணம்தான்" என்று மன்னாரு தீர்ப்புச் சொல்லிவிட்டான். கண்ணாடிக்குள் எத்திராஜின் மீசை லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அசைந்ததா? மூன்று நாளாக அந்த மீசை இவனைப் பார்த்து அசையவே இல்லை.

கத்தி கன்னத்தில் இறங்கியது. இனிமேல் பேச முடியாது, மன்னாரு பேசுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். டிராம் நின்றுபோய் ஒரு வருஷமாகியும் அவன் டிராமைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். தணிகாசலத்தின் புத்தி வேப்பேரிக்குப் போய்விட்டது. எப்போது படுத்தாலும் அது அங்கேதான் போகும். டெஸ்மண்ட் துரை வீடு. துரை என்பது கிண்டல், மனுஷர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர், வந்து போகிறவர்களுக்கெல்லாம் ஆன்ட்டி. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டுவிட்டுக் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். கட்லெட், எலுமிச்சை ஜூஸ், ஆறேழு ஆண்கள். துறைமுக ஆபீசில் ஃபைல் கட்டுகிற தணிகாசலம் அங்கேதான் ஆடக் கற்றுக்கொண்டான், அச்சாபீசில் புரூஃப் பார்க்கிற எத்திராஜின் கால் விரல்களை மிதித்து மிதித்துக் கற்றுக்கொண்டான். அத்தர் கடை ஹபீப் பாய் அங்கே துப்பட்டா போட்டுக்கொண்டு வந்து நிற்கிற அழகைப் பார்க்க வேண்டும்! நாலு தெருவுக்குப் பஞ்சாயத்துப் பண்ணுகிற மனுஷர். அந்த மூன்று மணி நேரமும் யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை, ஒருத்தரை ஒருத்தர் அக்கா என்பார்கள், சின்னம்மா என்பார்கள், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆறு மணி அடித்ததும் டெஸ்மண்ட் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொருத்தராக அனுப்புவார், பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர். அப்போது ஒரு வாக்கியம் சொல்வார். "கேட்டைத் தாண்டினா நீ யாரோ, அவன் யாரோ. ரோட்டில பார்த்தா தெரியாது. நேருக்கு நேர் யாராச்சும் கேட்டாலும் தெரியாது. புரியுதா மேன்?" விளையாட்டில்லை அது. முன்பு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அங்கே வந்துகொண்டிருந்தார். மூர் மார்க்கெட்டில் எவனோ ஒருத்தன் சந்தோஷத்தில் கையைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டான், கூட இருந்த மைத்துனன் யார் இவன் என்று கேட்டான், வாத்தியார் திருதிருவென்று முழித்தார். ஒரே மாதம். வேலை போயிற்று, வீடு போயிற்று, ஆள் எங்கே என்றே தெரியவில்லை. அவர் பெயரைச் சொன்னால் இப்போதும் டெஸ்மண்ட் கிராமபோனை நிறுத்திவிடுவார். அதனால் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். ஹபீப் பாய் கடைக்கு டெஸ்மண்ட் ஒரு நாள் வந்தபோது இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் போல அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் நிஜமாகவே சண்டை வந்து, அத்தர் வாங்காமலே துரை திரும்பிப் போனார்.

ஆனால் அதிலெல்லாம் முதல் மார்க் தணிகாசலத்துக்குத்தான். வியாழக்கிழமை வரைக்கும் அது அவனுக்குப் பெருமையாகவே இருந்தது. வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணி, பெரிய தெரு முனை, காய்கறிக் கடை. ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்தான். பத்தடி தூரத்தில் எத்திராஜ், கையில் ஒரு கட்டு முளைக்கீரை. அவ்வளவுதான் கண்ணில் பட்டது, அவன் பக்கத்தில் நின்ற ஆளை இவன் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாதவனைப் பார்க்காமல் இருப்பதில் அவ்வளவு மும்முரம். கால் தானாக வேகம் பிடித்தது, முகம் தானாக மூடிக்கொண்டது. "தம்பி, தம்பி!" என்று யாரோ கூப்பிட்டார்கள். "நில்லுங்க, இவரைத் தெரியலியா?" இவன் நின்றான். எத்திராஜை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான், கீரைக்காரனைப் பார்க்கிற மாதிரி. "தெரியாதுங்களே" என்றான். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு சுத்தமாக! நடையைக் கட்டினான். நாலு கடை தாண்டிய பிறகுதான் கூப்பிட்ட குரல் யாருடையது என்று மண்டையில் உறைத்தது. கன்னியப்ப முதலியார்! நாலு நாளைக்கு முன்னால் யாரிடம், நான் இவனுக்கு அத்தை மகன், இவன் எனக்கு மாமன் மகன், சின்ன வயசிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னானோ, அதே கன்னியப்ப முதலியார். பிரம்மச்சாரிப் பசங்களுக்கு வீடு கிடையாது என்று அடம்பிடித்த மனுஷர், சொந்தம் என்றால் குடும்பம் மாதிரிதானே என்று இறங்கி வந்திருந்தார். சொந்தத்தின் லட்சணத்தை நடுத்தெருவில் பார்த்துவிட்டார். சேரில் கிடந்த தணிகாசலத்துக்கு இப்போது நினைத்தாலும் உடம்பு கூசியது. "ஆடாதே சார், காதை அறுத்துரப் போறேன்" என்றான் மன்னாரு.

எத்திராஜ் அந்த இடத்தில் சமாளித்துவிட்டான் என்று பேர். எங்களுக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம், அதான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறான் என்று சொல்லியிருக்கிறான். முதலியார் கீரைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். "சண்டை பிடிக்கிற மாமன் மச்சானுங்களை மாடியில குடி வெச்சிட்டு நான் கீழ தூங்க முடியாது. நிஜமாவே சொந்தம்தானான்னும் எனக்கு இப்ப டவுட்டா இருக்குது. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்க. இல்லாட்டி அந்த ஸ்கூல் மேஷ்டர் குடும்பத்துக்குக் குடுத்துடறேன்." இதையெல்லாம் எத்திராஜ் நேற்று டெஸ்மண்ட் வீட்டில் மற்றவர்களிடம்தான் சொன்னான், இவனிடம் சொல்லவில்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று ஆளாளுக்கு யோசனை. கண்ணில் கோளாறு என்று சொல், கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல் என்றார் ஹபீப் பாய். டெஸ்மண்ட் மட்டும், ரூலை நல்லாத்தானே ஃபாலோ பண்ணியிருக்கே மேன் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். எத்திராஜ் கிராமபோன் பக்கத்தில் இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். இவன் பக்கத்தில் போய் நின்று, கோவமா என்று கேட்டான். "கோவமில்லே. உன் மூஞ்சியைப் பாத்தேன் அன்னிக்கி. ஒரு பொட்டு கூட இல்லியே தணிகா. கண்ணுல ஒரு சின்ன அசைவு இருந்திருந்தா நான் புரிஞ்சிட்டிருப்பேன். நாளைக்கு நான் ரோட்டுல செத்துக் கெடந்தாலும் அதே மூஞ்சியோடதான் தாண்டிப் போவே" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஆட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. போவேனா? சீ, போவேனா? மாட்டேன். எதை வைத்து மாட்டேன் என்கிறாய்? கூட்டம் கூடியிருக்கும், போலீஸ்காரர் ஒருத்தர் நிற்பார், யாருக்காவது இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்பார். அப்போது வாயில் எது வரும்? இந்த இடத்துக்கு வந்தால் புத்தி இடறும், திரும்பக் கீரைக்கட்டுக்குப் போகும், அங்கிருந்து ஓடிவந்து மறுபடி அந்தப் போலீஸ்காரர் முன்னால் நிற்கும். நேற்று பூரா இதே ஓட்டம்தான்.

ஆஸ்பத்திரியில் என்ன பண்ணினேன் என்று நினைத்துப் பாரேன், என்று கண்ணாடியில் இருந்த எத்திராஜிடம் மனசுக்குள்ளேயே வாதாடினான். நாலு வருஷத்துக்கு முன்னால் எத்திராஜ் டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். கட்டிலைச் சுற்றி அண்ணன்மார், அண்ணிமார், ஒரு சித்தப்பா. இவன் ஒரு பை சாத்துக்குடியோடு வார்டுக்குள் நுழைந்தான். யாருங்க நீங்க என்றார் அந்தச் சித்தப்பா. இவன் பக்கத்துக் கட்டிலைக் காட்டினான், அவரைப் பார்க்க வந்தேன் என்றான். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு கிழவர், செங்கல்பட்டுக்காரர், பார்க்க வர ஒரு நாதி இல்லை. இவன் உட்கார்ந்தான். சாத்துக்குடியை உரித்து, நார் எடுத்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாகக் கிழவர் வாயில் ஊட்டினான், ஒரு மணி நேரம். மூன்றடி தூரத்தில் எத்திராஜ் காய்ந்த உதட்டோடு பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பதினோரு நாள் இப்படி. கிழவர் கண்ணில் தண்ணீர் விட்டு, நீ எந்த ஜென்மத்துப் பிள்ளையோ என்று ஆசீர்வாதம் பண்ணினார். பிறகு இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ஆனால் இப்போது, கத்தி தாடையைச் சுற்றித் திரும்புகிற நேரத்தில், தணிகாசலத்துக்கு அது சிரிப்பாக இல்லை. ஒரு சுளை, ஒரே ஒரு சுளை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். தம்பி, உங்களுக்கும் வேணுமா என்று கேட்டிருக்கலாம், அந்நியன் அந்நியனைக் கேட்பதில்லையா? அதுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன். வாத்தியாரைப் பற்றிய பயம் இவ்வளவு நாளும் இவனைக் காப்பாற்றியது நிஜம். காப்பாற்றிக் காப்பாற்றி, காய்கறிக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அதுதான்.

வலது கன்னம் முடிந்தது. மன்னாரு இடது கன்னத்துக்கு நுரை போட்டான். "வாங்கய்யா, வாங்க! இன்னா இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்க?" என்று வாசலைப் பார்த்து அவன் கத்தியது காதில் விழுந்ததும் தணிகாசலம் கண்ணை முழுசாகத் திறந்தான். கண்ணாடிக்குள் கன்னியப்ப முதலியார், தோளில் துண்டு, கையில் குடை. பத்து மணிக்குப் பார்க்க வேண்டிய மனுஷர் ஒன்பதரைக்கே பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார், எத்திராஜுக்குப் பக்கத்திலேயே. "அட, நீங்களா! நல்லதாப் போச்சு" என்று அவன் முழங்காலில் தட்டினார். "எங்க உங்க அத்தை மகன்? வராரா, இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு இருக்காரா?" பதிலுக்குக் காத்திராமல் குடையால் சேரைக் காட்டினார். "அதோ, சோப்புக்குள்ள இருக்கறது அவர்தானே? ஏன் தம்பி, அவரா பாருங்க." எத்திராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். கண்ணாடியில் தணிகாசலத்தின் கண்ணும் அவன் கண்ணும் நேருக்கு நேர் நின்றன. அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. பிடித்து வைத்த மாதிரி ஒரு மரியாதையான முகம். "தெரியாதுங்களே" என்றான்.

அடப்பாவி! இப்படியா இருக்கும் இது? எட்டு வருஷத்தில் எத்தனை தடவை அவனுக்கு இதைக் கொடுத்திருக்கிறோம், ஒரு தடவைகூட வாங்கிப் பார்த்ததில்லையே. கத்தி வைத்திருந்த மன்னாருவின் கையை அப்படியே ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுந்தான் தணிகாசலம். கழுத்தில் கட்டிய துணி, ஒரு கன்னம் பளபள, ஒரு கன்னம் வெள்ளை வெளேர். "என்னடா தெரியாது? யாரைத் தெரியாது?" குரல் தெரு வரைக்கும் கேட்டது, கேட்கட்டுமே என்றிருந்தது. "இத்தனை வருஷமா உன்கூட மாரடிச்சிட்டிருக்கேன், என்னையா தெரியாது? கத்திரிக்கா தின்னா உனக்கு உதடு வீங்கும், அது தெரியும் எனக்கு. பேப்பரை எட்டா மடிச்சிப் படிக்கிற கஞ்சன் நீ, அது தெரியும். டைபாய்டுல கெடந்தப்ப பதினோரு நாள் வந்து பக்கத்துக் கட்டில்ல உக்காந்தவன்டா நான்!" முதலியார் குழம்பிப்போய், "பக்கத்துக் கட்டில்ல எதுக்குப்பா?" என்றார். "அதாங்க என் முட்டாள்தனம்" என்று அவர் பக்கம் திரும்பினான். "வியாழக்கிழமை நான் பண்ணினதும் அதே முட்டாள்தனம்தாங்க. இவன் எனக்குத் தெரிஞ்சவன். சொந்தம். எனக்குன்னு இருக்கிற ஒரே சொந்தம் இவன்தான். ரோட்டுல கேட்டாலும் சொல்வேன், யார் முன்னால கேட்டாலும் சொல்வேன்." வாசலில் பால்காரர் ஒருத்தர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பார்த்தாரா, பார்க்கட்டும். டெஸ்மண்ட் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார், விழுந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம்.

கன்னியப்ப முதலியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போஸ்ட் மாஸ்டராக இருந்து முகங்களைப் பார்த்தே பழகியவர். பிறகு குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "இப்படித் திட்டறதுக்கு வேத்து மனுஷனால ஆவாதுப்பா. ஆனா ஒண்ணு, என் மாடியில இவ்ளோ சத்தம் கூடாது. சாயங்காலம் வந்து சாவி வாங்கிக்கங்க" என்றவர், மன்னாருவிடம் தன் முறை எப்போது வரும் என்று விசாரிக்கப் போய்விட்டார். எத்திராஜ் எழுந்து வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "வேணும்னு சொல்லலடா" என்றான், இவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "சத்தியமா வேணும்னு சொல்லல. அவர் கேட்டாரு, அது தானா வந்துட்டுது." தணிகாசலம் தலையை ஆட்டினான். அவனுக்குத் தெரியாதா அது எப்படி வரும் என்று! எழுந்த வேகத்தில் சோப்பு நுரை காதுமடலில் ஏறி, கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எத்திராஜ் கொக்கியில் தொங்கிய துண்டை எடுத்தான். முதலியார் பார்க்க, மன்னாரு பார்க்க, வாசலில் சைக்கிளோடு நின்ற பால்காரர் பார்க்க, பட்டப்பகல் ஒன்பதே முக்கால் மணிக்கு, அந்த நுரையை மெதுவாகத் துடைத்தான், காதுக்குப் பின்னால், அப்புறம் கழுத்தில். "உக்காரு" என்றான். "ஒரு கன்னம் பாக்கியிருக்குது."